தரம் 1 பிள்ளையிடம் "எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்காதீர்கள்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் உள்ள எல்லாப் பெற்றோருக்குமாக இதை எழுதுகிறோம்.

இந்த வருஷம் பிள்ளையைத் தரம் 1இல் சேர்த்தவர்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இரண்டு கேள்விகள். "டீச்சர், கொப்பியில ஒன்றும் எழுதக் குடுக்கிறீங்க இல்லையே?" "பரீட்சை எப்ப?" இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறோம்.

முதலில், வட்ஸ்அப்பில் சுற்றும் குழப்பம். புதிய கலைத்திட்டம் 2026இல் தரம் 1இலும் தரம் 6இலும் தொடங்குவதாக இருந்தது. தரம் 6 ஆங்கிலப் பாட மொடியூலில் எழுந்த சர்ச்சைக்குப் பிறகு அந்த வகுப்புக்கான மாற்றம் 2027க்குத் தள்ளிவைக்கப்பட்டது. தரம் 1 மட்டும் தொடங்கிவிட்டது. ஆகவே மொடியூல், கிரெடிட் என்று நீங்கள் கேள்விப்படுவதெல்லாம் மேல் வகுப்புகளின் கதை. உங்கள் ஆறு வயதுப் பிள்ளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தரம் 1இல் நடப்பது கணிப்பீடு. அது பரீட்சை அல்ல. ஓர் உதாரணம் சொல்கிறோம். மேசையில் சோடாப் போத்தல் மூடிகளைக் கொட்டி, "ஏழு எடுத்துத் தாங்க மகன்" என்கிறோம். ஒரு பிள்ளை நூறு வரை மூச்சு விடாமல் சொல்லும். ஆனால் கையில் ஒன்பது மூடியைத் தரும். இன்னொரு பிள்ளைக்கு இருபதுக்கு மேல் சொல்ல வராது. ஆனால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிச் சரியாக ஏழைத் தரும். எண் என்றால் என்ன என்பது இரண்டாவது பிள்ளைக்குத்தான் விளங்கியிருக்கிறது. இதை 100க்கு 85 என்ற புள்ளி காட்டாது. பக்கத்தில் இருந்து பார்க்கும் ஆசிரியரின் குறிப்புத்தான் காட்டும். மொழியிலும் இப்படித்தான். "அ, ஆ" வரிசையை ஒப்புவிப்பது வேறு, நேற்று வீட்டில் நடந்ததை நாலு வசனத்தில் சொல்வது வேறு.

இது புதிதாக வந்த யோசனையும் இல்லை. 1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சித்துப் பார்த்து, 1999இல் நாடு முழுவதும் கொண்டுவந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமும் இதைத்தான் சொன்னது. தரம் 1, 2இல் விளையாட்டும் செயற்பாடும் கூடுதலாக இருக்க வேண்டும், தரம் 3, 4இல் எழுத்து வேலை அவற்றோடு சமமாக வர வேண்டும், தரம் 5இல்தான் எழுத்து வேலை முன்னுக்கு நிற்க வேண்டும் என்பதே அதன் ஒழுங்கு. காகிதத்தில் அருமையான திட்டம். ஆனால் தரம் 5 முடிவில் புலமைப்பரிசில் பரீட்சை காத்திருந்தது. இரண்டு வினாத்தாள், 200 புள்ளி, மாவட்டத்துக்கொரு வெட்டுப்புள்ளி. வசதி குறைந்த, திறமையுள்ள பிள்ளைக்கு உதவிப் பணமும் நல்ல பாடசாலையும் கிடைக்க வேண்டும் என்பதே அந்தப் பரீட்சையின் நோக்கம். நாளடைவில் அது கொழும்பு வீடுகளில் தாய் தகப்பனுக்கு நடக்கும் பரீட்சையாக மாறிவிட்டது. அந்தப் பயம் தரம் 4க்கு இறங்கி, தரம் 3க்கு இறங்கி, இப்போது தரம் 1 பிள்ளையும் பின்னேரம் கிளாஸ் பையோடு போகிறது. குர்ஆன் மத்ரஸா ஒரு பக்கம், கிளாஸ் மறுபக்கம். பிள்ளை விளையாடுவது எப்போது?

இதற்குப் பெற்றோரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. நல்ல பாடசாலைகள் கைவிரல் எண்ணிக்கையில் இருக்கும்வரை ஓட்டமும் இருக்கும். கீழே விளையாட்டுக் கல்வியைத் தொடங்கி, மேலே அதே வெட்டுப்புள்ளியை வைத்திருந்தால் 1999க்கு நடந்ததுதான் 2026க்கும் நடக்கும். நாற்பதை நெருங்கும் பிள்ளைகளுள்ள வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே பார்த்துக் குறிப்பெழுதச் சொன்னால், முடிவில் படிவம்தான் நிரம்பும். வகுப்பில் பிள்ளைகளின் தொகையைக் குறையுங்கள், உதவி ஆசிரியர் தாருங்கள், தமிழ்மொழிப் புத்தகமும் பயிற்சியும் சிங்களமொழிக்குத் தரும் அதே நாளில் எங்களுக்கும் தாருங்கள் என்று கல்வி அமைச்சிடம் கேட்க வேண்டியது நாங்கள் மட்டுமல்ல, நீங்களும்தான். பெற்றோர் கூட்டத்துக்கு வாருங்கள். உம்மாவை மட்டும் அனுப்பாமல் வாப்பாமாரும் வாருங்கள்.

அதுவரை வீட்டில் மூன்று விஷயங்கள் செய்யலாம். ஒன்று, பிள்ளையோடு உங்கள் மொழியில் நிறையப் பேசுங்கள். தமிழ்மொழி மூலம் சேர்த்துவிட்டு, வீட்டில் அரைகுறை ஆங்கிலம் மட்டும் பேசினால் பிள்ளைக்கு இரண்டும் ஒழுங்காக வராது. இரண்டு, மார்க்கெட்டுக்குப் போனால் தேங்காயை எண்ணச் சொல்லுங்கள், மிச்சக் காசை வாங்கித் தரச் சொல்லுங்கள். மூன்று, ஆசிரியரிடம் "எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்பதை விட்டு, "எது செய்ய முடிகிறது, எது இன்னும் வரவில்லை, வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள்.

அந்தக் கேள்விக்கு எங்களில் யாரிடமாவது பதில் இல்லாவிட்டால், பதில் வரும்வரை விடாமல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.