நின்றே சாகவோ தமிழச்சி?

திருத்தணிகைக் குன்றின் 365 படிகளையும் ஏறிய அடியவர் மேலே அமர்ந்து இளைப்பாறுவர். அடிவாரத் துணிக்கடையில் புடைவை மடிக்கும் பெண்ணோ, கடை திறந்ததுமுதல் அடைக்கும்வரை நின்றே தீரவேண்டுமாம்! காவடிக் கூட்டம் திரளும் ஆடிக் கார்த்திகையில் அவள் கால் வீங்குவதை யார் கண்டார்?

தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. அதில் இருக்கைக்கென 22-அ பிரிவு சேர்ந்ததோ 2021-இல்! (கேரளம் 2018-இலேயே செய்துவிட்டது.) பணியாளர் அனைவர்க்கும் தக்க இருக்கை வேண்டும், வேலையிடையே வாய்க்கும்போதெல்லாம் அமரலாம் என்பதே அப்பிரிவின் பொருள். வாங்குவோர் இல்லாத பொழுதும் அமர்ந்தால் கடைக்கு இழுக்கென்று, பணப்பெட்டியருகே அமர்ந்தபடியே உறுமும் முதலாளிகள் இதைப் படித்ததுண்டா?

எல்லைப் போராட்டத்தால் 1960-இல் தமிழகம் சேர்ந்த மண் இது. இங்கே உழைக்கும் தமிழச்சிக்கு ஒரு முக்காலிக்கும் வழியில்லையெனில், பெயர்ப்பலகையில் மட்டும் தமிழ் எதற்கு? தொழிலாளர் துறை ஆய்வாளர் பதிவேட்டை மூடிவிட்டுக் கடைக்குள் இருக்கைகளை எண்ணட்டும்!