சீதாவை யாரும் கேட்கவில்லை

போன மாதம் என் வீட்டுக்காரருக்குக் கழுத்தில் ஒரு கட்டி. நெல்லிக்காய் அளவு, வலியே இல்லை. எண்ணூரில் வேலை, தூசியும் புகையும். "நெறி கட்டியிருக்கும்" என்று மஞ்சள் பற்றுப் போட்டே மூன்று வாரம் ஓட்டிவிட்டோம். அப்புறம்தான் பயம் வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டு எடுத்தார்கள். முடிவு வர எட்டு நாள்.

அதில் ஒரு ராத்திரி டி.வி.யில் 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. 1962ல் ஸ்ரீதர் எடுத்த படம். "இந்த நேரத்திலா? நிறுத்தும்மா அதை" என்றார் மாமியார். "இருக்கட்டும்மா" என்றார் இவர்.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். புற்றுநோய் வந்த வேலு, முத்துராமன். மனைவி சீதா, தேவிகா. ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே டாக்டர், அவளுடைய பழைய காதலர் கல்யாண்குமார். நான் போய்விட்டால் அவரையே கல்யாணம் செய்துகொள் என்கிறான் வேலு. ஆபரேஷன் ஜெயிக்கிறது, ஓயாமல் உழைத்த டாக்டர் செத்துப் போகிறார். படம் முழுக்க அநேகமாக ஒரே ஆஸ்பத்திரிதான். ஆனாலும் எழுந்து போக மனசு வராது.

அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயற்சியில் புற்றுநோய் ஆஸ்பத்திரி வந்தது 1954ல். படம் வந்தபோது அதற்கு எட்டே வயசு. அந்த வியாதி என்றாலே முடிந்தது என்று ஜனங்கள் நினைத்த காலம்.

சின்ன வயதில் வேலுவுக்காக அழுதேன். இந்தத் தடவை கோபம்தான் வந்தது. புருஷன் தியாகம் செய்கிறான், டாக்டர் தியாகம் செய்கிறார். சீதாவை யார் கேட்டார்கள்? சுசீலா குரலில் ஒரு பாட்டில் அவள் கேட்கிறாளே, வயிற்றைப் பிசைகிறது. அதோடு சரி. டாக்டரைச் சாகடித்ததுகூட டைரக்டருக்கு வசதியாகப் போச்சு என்பேன்.

விளக்கை அணைத்ததும் இவர் மெதுவாக, "பீரோ மேல்தட்டுல பச்சை ஃபைல் இருக்கு. பாஸ்புக், எல்.ஐ.சி. பத்திரம்..." என்று ஆரம்பித்தார். "முதல்ல வாயைக் கழுவுங்க" என்று திரும்பிப் படுத்துவிட்டேன். தூக்கம் எங்கே வருகிறது? வேலு சொன்னது தப்போ சரியோ, வாயைத் திறந்து சொன்னான். இங்கே சொல்ல வந்தவரை நானல்லவா அடக்கினேன்!

காலையில் காபியைக் கையில் கொடுத்து, "அந்தப் பச்சை ஃபைலை எடுங்க" என்றேன். ஒவ்வொன்றாகக் காட்டினார். பேங்க் கணக்கில் நாமினி யார் தெரியுமா? மாமனார். அவர் தவறி ஒன்பது வருஷம்! இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, நான் முதல்ல போயிட்டா? கேஸ் புக் எங்கே, பசங்க மார்க் ஷீட் எங்கேன்னு தெரியுமா உங்களுக்கு?" மனுஷர் முழித்தார்.

எட்டாம் நாள் முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை, நெறிக்கட்டியில் காசநோய். ஆறு மாதம் மாத்திரை, அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். உடம்பு தேறிவிட்டதென்று நடுவில் நிறுத்தினால் அப்புறம் மருந்துக்கே அடங்காதாம். மாமியார் தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். நுரையீரலில் இல்லை, கட்டியில் மட்டும்தான், அதனால் மற்றவருக்கு ஒட்டாது என்று டாக்டரம்மா சொன்ன பிறகே திரும்ப அலமாரிக்கு வந்தது. கழுத்துக் கட்டி இரண்டு வாரத்தில் கரையாவிட்டால் காட்டிவிடுங்கள், எங்களைப் போல மஞ்சளை நம்பி உட்காராதீர்கள்.

திங்கட்கிழமை திருவொற்றியூர் தேரடிப் பக்கம் பேங்குக்குப் போய் நாமினி பாரம் எழுதிக் கொடுத்தோம். என் கணக்குக்கும் சேர்த்துத்தான்.