வெந்நீருக்கும் கணக்கு வேண்டும்

மைசூர் தேவராஜ மொஹல்லாவிலுள்ள செலுவாம்பா மாளிகையில் 1950-ஆம் ஆண்டு முதல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. உணவை உலர்த்தவும், டப்பியிலடைத்துப் பதப்படுத்தவும் வேண்டிய வெப்பத்தைக் கணக்கிடுவது இத்தகைய நிலையங்களில் இன்றியமையாத அலுவலாகும். அந்நகரின் வீட்டு மாடிகளில் சூரிய வெந்நீர்ச் சாதனங்களைக் காண்கிறோம். அவற்றை வாங்குவோர் பலரோ, “நூறு லிட்டர் சாதனம்” என்ற சொல்லோடு திருப்தியடைந்துவிடுகின்றனர். இது போதாதென்பதே நமது கருத்து.

லிட்டர் என்பது கொள்ளளவேயன்றி வெப்பத்தின் அளவன்று. 100 லிட்டர் நீரை 20 டிகிரி சென்டிகிரேடிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த 4,000 கிலோகலோரி வேண்டும். 45 டிகிரிக்கு உயர்த்த 2,500 போதும். ஒரே கொள்ளளவு, பயனோ வெவ்வேறு.

வெப்பத்தை அளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஓர் உஷ்ணமானியும் வாளியும் போதும். முதலில் குளிர்ந்த நீரின் உஷ்ணநிலையைக் குறித்துக்கொள்க. பின்னர், வெளிவரும் ஒவ்வொரு வாளி நீரும் அதைவிட எத்தனை டிகிரி மிகுந்துள்ளதென்று காண்க. 15 லிட்டர் வாளிகள் ஆறில் அவ்வேறுபாடு முறையே 38, 37, 35, 33, 26, 11 டிகிரி எனக் கொள்வோம். கூட்டுத்தொகை 180, அதை 15-ஆல் பெருக்க 2,700 கிலோகலோரி. 860 கிலோகலோரி ஒரு யூனிட் மின்சாரத்திற்குச் சமமாதலால், இது மூன்று யூனிட்டுக்குச் சற்று அதிகம். முதல் வாளியை மட்டும் நம்பியிருந்தால் 3,420 என்று ஏமாந்திருப்போம். சுடுநீர் தொட்டியின் மேற்பகுதியில் தங்குவதே இதற்குக் காரணம்.

குளிர் நாடுகளில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கும் இதே கணக்குத்தான். நிமிஷத்திற்கு 2 லிட்டர் நீர் பாய்ந்து 10 டிகிரி குளிர்ந்து வெளியேறினால், அறை பெறுவது மணிக்கு 1,200 கிலோகலோரி, அதாவது ஏறத்தாழ 1.4 கிலோவாட். ஐரோப்பியத் தரநிர்ணயப்படி, நீரின் சராசரி உஷ்ணநிலை அறையைவிட 50 டிகிரி மிகுந்திருக்கும்போது வெளிப்படும் வெப்பமே ரேடியேட்டரின் திறனாகக் குறிக்கப்படுகிறது. அவ்வேறுபாடு 30 டிகிரியாகக் குறைந்தால் வெப்பம் ஏறக்குறைய பாதியாகிவிடும். எந்த நிலையில் அளந்தது என்று கூறாத எண் பாதி உண்மையே.

ஆகவே, விற்போர் லிட்டரோடு வெப்ப அளவையும், அது பெறப்பட்ட வெயில், நீர் நிலைமைகளையும் எழுதித் தருதல் வேண்டும். வாங்குவோரும் அதைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். உஷ்ணமானியின் விலை சொற்பம். கணக்கறியாது வாங்கிய சாதனத்தின் நஷ்டமோ பல்லாண்டு தொடரும்.