பனி பெய்யும் கண்ணாடி

மார்கழி பிறந்துவிட்டால் ஊத்துக்கோட்டையில் விடியற்காலம் என்பது காதால் மட்டுமே அறியத்தக்க விஷயமாகிவிடுகிறது. ஆரணியாறு ஒரு பக்கம். கண்டலேற்றில் புறப்பட்டு 152 கிலோமீட்டர் தூரம் வந்து, நம் ஊருக்கருகே எல்லை கடந்து, பூண்டி ஏரிக்குப் போகும் கிருஷ்ணா கால்வாய் இன்னொரு பக்கம். நடுவே நெல் வயல்கள். இவ்வளவு ஜலத்தை மடியில் கட்டிக்கொண்டிருக்கும் ஊரில் பனிக்குப் பஞ்சம் ஏது? பனியைப் பற்றி நமக்கு ஒரு புகாரும் இருந்ததில்லை. அது வீதியில் நிற்கும் வரையில் நிற்கட்டும் என்று விட்டிருந்தோம். நம் மோட்டார் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டபோதுதான் அதனுடன் வழக்காட வேண்டி வந்தது.

2023-ஆம் வருஷம் டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்ததை இந்த ஜில்லாவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். மழை ஓய்ந்ததும் வண்டியைத் திறந்து பார்த்தோம். முன்புறம் இடது பக்கத்து மிதியடி நனைந்திருந்தது. அதை எடுத்து வெயிலில் போட்டோம், காய்ந்தது, மறுபடி விரித்தோம், காரியம் முடிந்ததென்று நினைத்தோம். மிதியடிக்குக் கீழே ஒரு கம்பளமும், கம்பளத்துக்குக் கீழே ஒரு பஞ்சுப் பட்டையும் உண்டு என்பதும், அவ்விரண்டும் படி படியாக ஜலத்தைக் குடித்துவிட்டு வாயைத் திறக்காமல் இருக்கும் என்பதும் அப்போது நமக்குத் தெரியாது.

இரண்டு வாரம் சென்றது. திருவள்ளூரில் ரயிலைப் பிடிக்க வேண்டி ஒருநாள் விடியுமுன் புறப்பட்டோம். வண்டியில் ஐந்து பேர். மார்கழியாதலால் எல்லோரும் தலை முழுகியவர்கள்; ஈரக் கூந்தல் இரண்டு. நம் இல்லத்தரசியின் மடியில் ஆவி பறக்கும் இட்லித் தூக்கு. குழந்தைக்குச் சளி பிடிக்குமென்று கண்ணாடிகளையெல்லாம் இறுக ஏற்றியாயிற்று. குளிருக்கு ஏ.சி. எதற்கென்று அதையும் நிறுத்தியாயிற்று. இது போதாதென்று, வெளிப்பனி உள்ளே வராமலிருக்க, உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானையும் நம் கையாலேயே அமுக்கினோம். கார்ப் படத்துக்குள் வளைந்த அம்பு ஒன்று இருக்குமே, அந்தப் பொத்தான்தான்.

சீத்தஞ்சேரியை நெருங்குமுன்னே முன் கண்ணாடி வெளுத்துவிட்டது. மழை துடைப்பானை ஓட்டினோம். 1903-இல் மேரி ஆண்டர்ஸன் என்ற அமெரிக்க மாது அதற்கு உரிமைப் பத்திரம் வாங்கிய நாள் முதல் அது வெளிப்புறத்தில்தான் வேலை செய்துவருகிறது என்பது அந்த அவசரத்தில் நினைவுக்கு வரவில்லை. பிறகு கையால் துடைத்தோம். துடைத்த இடம் ஒரு நிமிஷம் தெளிந்து, பிறகு முன்னிலும் மோசமாயிற்று. எதிரே கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை வண்டியொன்று வந்தது போலும். அதன் விளக்கொளி கையின் எண்ணெய்க் கோடுகளில் பட்டுக் கண்ணாடி முழுவதும் பரவி, முன்னே ஒன்றுமே இல்லாமற் போயிற்று.

இல்லாமற் போன அந்த இடத்தில் ஒரு மனிதர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்.

பிரேக்கை மிதித்தோம். வண்டி அவர்மீது படவில்லை. ஆனால் அவர் பயந்து ஒதுங்கிச் சாலையோரச் சரிவில் சாய்ந்தார். முழங்கை சிராய்த்தது. ஒரு கேன் பால் மண்ணில் போயிற்று. இறங்கி ஓடினோம். அவர் நிமிர்ந்து பார்த்து, “நீங்களா சார்? விளக்குப் போட்டுக்கிட்டுத்தானே போறேன், தெரியலையா?” என்றார். நம்மிடம் ஏழாம் வகுப்பு படித்தவர். பாலுக்குப் பணம் கொடுத்தோம், வாங்க மறுத்தார், வற்புறுத்திச் சட்டைப் பையில் வைத்தோம். ரயில் போய்விட்டது. அதைப் பற்றி வண்டியில் யாரும் பேசவில்லை.

வெட்கம் என்னவென்றால், அதே ஏழாம் வகுப்பில் வருஷந்தோறும் ஐஸ் போட்ட டம்ளரை மேஜைமேல் வைத்து, அதன் வெளிப்புறம் ஏன் வியர்க்கிறது என்று கேள்வி கேட்பவர்கள் நாம். விடை நமக்கே தெரியாமலா போகும்? காற்றுக்குச் சூடு இருக்குமளவுதான் நீராவியைத் தாங்கும் சக்தியும் இருக்கும். 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 23 கிராம் ஈரத்தைச் சுமக்கும். 20 டிகிரியில் 17 கிராமுக்குமேல் சுமக்க மாட்டாது. மிச்சத்தை எதிர்ப்படும் குளிர்ந்த பொருளின்மேல் இறக்கிவிடும். மார்கழி விடியலில் வண்டிக்குள் மிகக் குளிர்ந்த பொருள் கண்ணாடிதான்.

சிறிய காருக்குள் அடங்கும் காற்று மூன்று கன மீட்டர் இருக்கலாம். ஒரு மனிதர் சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூச்சாலும் தோலாலும் மணிக்குச் சுமார் 40 கிராம் ஈரத்தை வெளிவிடுகிறார். ஐந்து பேருக்கு 200 கிராம். ஒரு டம்ளர் தண்ணீர்! ஈரக் கூந்தலும் இட்லித் தூக்கும் கம்பளத்துக்கடியில் ஒளிந்திருந்த புயல் மழையும் இக்கணக்கில் சேரவில்லை. வெளியே நின்ற பனியைக் குற்றம் சொன்னோமே, அது நிரபராதி. இருபது டிகிரியில் பனி கலந்து நிற்கும் காற்றுக்கூட, உள்ளே வந்து இருபத்தைந்து டிகிரிக்குச் சூடேறினால், கன மீட்டருக்கு ஐந்தாறு கிராம் ஈரத்தை வாங்கிக்கொள்ளத் தயாராயிருக்கும். நம்மைக் காப்பாற்ற வந்தவனை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்தியிருக்கிறோம்.

மறுநாள் பட்டறைக்குப் போனோம். “ஏ.சி.யைப் போடுங்க சார்” என்றார் மெக்கானிக். “குளிருகிறதே தம்பி!” என்றோம். “சூட்டையும் சேர்த்துத் திருப்புங்க, வெளிக்காத்தை விடுங்க, காத்தைக் கண்ணாடிப் பக்கம் தள்ளுங்க” என்று மூன்றே வாக்கியத்தில் பாடத்தை முடித்துவிட்டார். ஏ.சி. என்பது குளிர்விக்கும் யந்திரம் மட்டுமன்று, உலர்த்தும் யந்திரமும்கூட. அதன் குளிர்ந்த குழாய்களில் காற்றின் ஈரம் படிந்து, சொட்டி, ஒரு சிறு ரப்பர்க் குழாய் வழியே வண்டிக்கு அடியில் விழுந்துவிடுகிறது. உலர்ந்த அந்தக் காற்றை எஞ்ஜின் சூட்டில் கொஞ்சம் வெதுப்பிக் கண்ணாடிமேல் விட்டால் மூட்டம் சில நிமிஷத்தில் கலைகிறது. வளைந்த கண்ணாடியின்மேல் நெளிந்த அம்புகள் வரைந்த பொத்தான் காற்றை அங்கே அனுப்புவதற்குத்தான் இருக்கிறது.

அந்த ரப்பர்க் குழாயில் மண் அடைத்தால் சொட்டவேண்டிய ஜலம் உள்ளே திரும்பி, பெரும்பாலும் முன் இருக்கைக் கம்பளத்தில் இறங்கும். நம் வண்டியில் இந்தத் திருட்டும் நடந்திருந்தது. ஏ.சி. ஓடிய வண்டியின் கீழே ஈரம் சொட்டினால் கவலைப்பட வேண்டாம். சொட்டாவிட்டால்தான் விசாரிக்க வேண்டும்.

கம்பளத்தைத் தூக்கிவிட்டு அடியில் பழைய காகிதங்களை அடுக்கினோம். இவ்விடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தகைய சித்திரப் பத்திரிகையின் வழுவழுப்பான தாள் இந்த வேலைக்கு உதவாது. ஈரம் உறிஞ்சுவதில் தினசரிகளுக்கே முதலிடம். காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக மாற்றினோம். பகலில் வெயில் அடித்தபோதெல்லாம் கதவுகளைத் திறந்து வைத்தோம். ஐந்தாம் நாள்தான் காகிதம் உலர்ந்து வந்தது. கண்ணாடியின் உட்புறத்தைச் சோப்பு நீரால் கழுவி உலர்ந்த துணியால் துடைத்ததும் நல்ல பலன் தந்தது. எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்த கண்ணாடியில் மூட்டம் சீக்கிரம் பிடித்துக்கொள்ளுகிறது.

கிண்ணத்தில் கல்லுப்பை வைக்கச் சொன்ன சிநேகிதர்கள் உண்டு. உப்பு ஈரத்தை இழுப்பது மெய்தான். மழைக்காலத்தில் நம் உப்பு ஜாடி கசிவதே அதற்குச் சாட்சி. ஆனால் ஒரு கிண்ணம் உப்பு ஐந்து பேர் மூச்சுக்கு ஈடு கொடுக்காது. குலுங்கிச் சிந்தினால் தகரம் துருப்பிடிப்பதுதான் லாபம். புகையிலையைக் கசக்கிக் கண்ணாடியில் தேய்ப்பது பழைய லாரி ஓட்டுநர்களின் கைவைத்தியம். அது வெளி மழைக்கு.

இன்னொரு மூட்டமும் உண்டு. ஐப்பசி இரவுகளில், வெளியே புழுக்கம், உள்ளே ஏ.சி. கடுங்குளிர். அப்போது கண்ணாடி வெளிப்புறம் வியர்க்கும். நம் டம்ளர் பாடமேதான். விரலால் உட்புறம் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு விழாவிட்டால் மூட்டம் வெளியே. அதற்கு மழை துடைப்பானும், குளிரைச் சற்றுக் குறைப்பதும் போதும். அங்கே போய்க் கண்ணாடிக்குக் குளிர்காற்றை ஏவினால் வியாதி முற்றும்.

பனி ‘பெய்கிறது’ என்றுதான் நாம் எல்லோரும் சொல்லுகிறோம். அது வானத்திலிருந்து விழுவதில்லை, பக்கத்துக் காற்றிலிருந்தே படிகிறது என்று விரிவாக ஆராய்ந்து காட்டியவர் லண்டனில் வைத்தியராயிருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ். சிறு கம்பளிப் பொதிகளை நிறுத்து, இரவில் திறந்த வெளியிலும் பலகைக்கு அடியிலும் வைத்து, விடிந்ததும் மறுபடி நிறுத்துப் பார்த்து, 1814-இல் புத்தகமாக வெளியிட்டார். வானத்தை நேரே பார்க்கும் பொருள் தன் உஷ்ணத்தை இரவில் இழந்து மிகக் குளிர்கிறது. அதன்மேல் பனி மிகுதி. மூடாக்கின்கீழ் இருப்பதன்மேல் பனி குறைவு.

அதைப் படித்தபிறகு நம் வண்டியை இரவில் வேப்பமரத்தடியில் நிறுத்துகிறோம். காலையில் கண்ணாடியில் பனி வெகு சொற்பம். காக்கைகளின் கைங்கரியத்தைக் கழுவுவதற்குத்தான் ஒரு வாளி ஜலம் ஆகிறது.