சயனைடு மேட்டின் அடியில்



வண்டியிலேயே படுத்துறங்கி, பாலைவன மலைகளைச் சுற்றிப் பார்க்க நெடுந்தூரம் செல்லுகிறவர்கள் உண்டு. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், கோலார் தங்கவயலிலும் அத்தகைய காட்சி ஒன்று உண்டு. மழைநீர் அறுத்த வரிகளோடு வெறுமையாய் நிற்கும் சயனைடு மேடுகளே அவை. விடுமுறையில் வேனில் சென்று அங்கே தங்க நீங்களும் விரும்பலாம்.

ஆனால் அவை இயற்கை மலைகள் அல்ல. 2001 இல் சுரங்கம் மூடப்படும்வரை, நம் முன்னோர் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கி வெட்டிய பாறை அது. அதை மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மிச்சமே அந்த மேடு. தங்கம் வெளியே போயிற்று. தூசியோ நம் ஜனங்களோடு தங்கிவிட்டது. காற்றடித்தபோது ஒரு தாயார் ஓடிச்சென்று தண்ணீர்க் குடத்தை மூடியதைக் கண்டேன்.

ஆகவே காற்று வீசும் நாளில் அங்கே செல்லாதிருங்கள். பிள்ளைகளை அதில் சறுக்கி விளையாட விடாதிருங்கள். மேட்டருகே தங்குவதற்குப் பதிலாக, லைன் வீடுகளின் பக்கம் வண்டியை நிறுத்துங்கள். "தாத்தா, சுரங்கத்தில் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்?" என்று உங்கள் பிள்ளைகள் ஒரு முதியவரிடம் கேட்கட்டும். அவர் சொல்லி முடிக்கும்வரை புறப்பட அவசரப்படாதிருங்கள்.