ஆடியவர் யார்? அனுபவிப்பவர் யார்?

அமெரிக்காவில் வட கரோலினா மாகாண சர்வகலாசாலையின் பழைய கூடைப்பந்து வீரர் பத்துப் பேர் தொடுத்திருந்த வழக்கை அம்மாகாணத்து நியாயஸ்தலம் ஒன்று 2025-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் தள்ளிவிட்டது. வழக்கு காலங்கடந்து வந்தது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களில் ஒன்று. சட்டத்தின் கண்ணுக்கு அது சரியாகவே தோன்றலாம். ஆனால் அவர்கள் எதைக் குறித்து வழக்காடினார்களோ அந்தக் காரியம் காலங்கடந்ததன்று. வருஷந்தோறும் மார்ச்சு மாதத்தில் அது புதிதாக நடந்துகொண்டிருக்கிறது. எவ்வாறெனில் கூறுவோம்.

கூடைப்பந்து நமது நேயர்கள் அறியாத ஆட்டமல்ல. 1891-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரிலிருந்த ஒய்.எம்.ஸி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உபாத்தியாயர், பனிக்காலத்தில் வெளியே ஓடியாட முடியாத மாணவர்களுக்காகப் பழக்கூடை இரண்டை உயரத்தில் மாட்டி ஆரம்பித்து வைத்தது அது. அந்தச் சங்கத்தார் மூலமாகவே நம் தேசத்துக்கும் வந்தது. ஏழை எளியவரும் ஒரு பந்தும் இரண்டு கம்பமும் இருந்தால் ஆடக்கூடிய இந்த ஆட்டம், பிறந்த நாட்டில் இன்று பெரியதொரு வியாபாரம். சர்வகலாசாலைகளுக்குள் நடக்கும் மார்ச்சு மாதப் பந்தயங்களை டெலிவிஷனில் காட்டும் உரிமைக்காக மாத்திரம், 2010-ம் வருஷத்து ஒப்பந்தப்படி 14 வருஷத்துக்கு 1,080 கோடி டாலர் பேசப்பட்டது. 2016-ல் மேலும் 8 வருஷத்துக்கு 880 கோடி டாலர் சேர்க்கப்பட்டு, 2032 வரையில் அது நீட்டப்பட்டது. இத்தொகையைப் பெறுவது தேசியக் கலாசாலை விளையாட்டுச் சங்கம், சுருக்கமாக என்.ஸி.ஏ.ஏ. என்பர்.

அந்தப் பத்துப் பேரின் கதைக்கு வருவோம். 1983-ம் வருஷம் ஏப்ரல் 4-ந் தேதி ஆல்புகெர்க்கி நகரில் இறுதிப் பந்தயம். எதிர்த்தரப்பில் ஹூஸ்டன் சர்வகலாசாலை. பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற ஒலாஜுவானும் டிரெக்ஸ்லரும் அதில் ஆடினார்கள். அந்தப் பருவத்தில் பத்து ஆட்டங்களில் தோற்றிருந்த வட கரோலினா மாகாணத்தார் வெல்வார்களென்று நம்பியவர் வெகு சிலரே. கடைசி வினாடிகளில் இரு தரப்பும் 52. டெரெக் விட்டன்பர்க் வெகு தூரத்திலிருந்து பந்தை எறிந்தார். அது கூடையை எட்டாமல் குறைந்து விழுந்தது. கூடையடியில் நின்ற லொரென்ஸோ சார்ல்ஸ் எழும்பி, ஆகாயத்திலேயே அதைப் பிடித்து உள்ளே திணித்தார். 54-52. பயிற்சியாளர் ஜிம் வால்வானோ யாரைக் கட்டிக்கொள்வதென்று தெரியாமல் மைதானமெங்கும் ஓடினார்.

இவ்வளவும் சில வினாடிப் படம். நாற்பது வருஷங்களுக்கு மேலாக ஒவ்வொரு பந்தயக் காலத்திலும் அது திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. எளியவன் வலியவனை வெல்லக்கூடும், ஆகையால் எல்லோரும் இந்தப் பந்தயங்களைப் பாருங்கள் என்று ஜனங்களை அழைக்கும் விளம்பரமே அது. சார்ல்ஸோ, தொழில்முறைக் குழு ஒன்றில் ஒரு பருவமும், பிறகு அந்நிய தேசங்களிலும் ஆடிவிட்டு ஊர் திரும்பி, வாடகைப் பஸ் ஓட்டும் வேலையில் அமர்ந்தார். 2011-ம் வருஷம் ஜூன் மாதத்தில் ராலே நகரில் அவர் ஓட்டிச்சென்ற பஸ் விபத்துக்குள்ளாகி உயிர் துறந்தார். பஸ் ஓட்டுவது கௌரவமான உழைப்பு. அதைக் குறைவாகச் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் அந்த மனிதர் பஸ் ஓட்டிய வருஷங்களிலும் அவர் குதித்த குதிப்பு சங்கத்தாருக்காக உழைத்துக்கொண்டே இருந்தது. அந்த உழைப்புக்குக் கூலி இல்லை. எஞ்சிய தோழர்களில் பத்துப் பேர் 2024-ம் வருஷம் ஜூன் மாதத்தில் பிராது கொடுத்தபோது சொன்னதும் ஏறக்குறைய இதுவே: எங்கள் பெயரையும் உருவத்தையும் எங்களைக் கேளாமலே, எங்களுக்கு ஒன்றும் தராமலே உபயோகித்து வருகிறீர்கள் என்பதுதான்.

‘அவர்கள் மாணவர்கள் அல்லவா? இலவசக் கல்வி பெற்றவர்கள் அல்லவா? கூலி கேட்பது தகுமா?’ என்று கேட்பாருண்டு. இக்கேள்வியைக் கேட்பவர்கள் ‘மாணவ-விளையாட்டு வீரன்’ என்ற பதம் எப்படிப் பிறந்தது என்பதை அறிதல் நலம். 1955-ம் வருஷம் கொலராடோ மாகாணத்தில் ரே டென்னிஸன் என்ற வாலிபர், கலாசாலைக்காகக் கால்பந்து ஆடுகையில் தலையில் அடிபட்டு மாண்டார். வேலையில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குக் கிடைக்கும் நஷ்டஈடு தனக்கும் கிடைக்க வேண்டுமென்று அவர் மனைவி கேட்டாள். கலாசாலை அந்த ஆட்ட வியாபாரத்தில் இல்லை என்று சொல்லி 1957-ல் அம்மாகாண உயர்ந்த நியாயஸ்தலம் மறுத்துவிட்டது. இத்தகைய கோரிக்கைகளுக்குப் பயந்தே அந்தப் பதத்தைச் சங்கத்தார் புனைந்து, எல்லாக் கலாசாலைகளும் அதையே வழங்கும்படி செய்தார்கள். இது எதிரிகள் கட்டிய கதையன்று. 1951 முதல் முப்பது வருஷங்களுக்கு மேல் அச்சங்கத்தின் தலைமைக் காரியதரிசியாயிருந்த வால்ட்டர் பையர்ஸ் 1995-ல் தாம் எழுதிய புஸ்தகத்தில் தாமே ஒப்புக்கொண்டது. ஒரு விதவையின் கைக்குப் பணம் போகாமல் தடுக்கப் பிறந்த சொல்லை அரை நூற்றாண்டுக்கு மேல் ஒழுக்கத்தின் பெயராகப் போற்றி வந்தார்கள்!

கல்வி கொடுக்கப்பட்டது மெய்தான். அதன் மதிப்பையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கல்விக்குரிய வேளையைப் பயிற்சியும் பிரயாணமும் விழுங்கிவிடுவதை யார் கணக்கிட்டார்கள்? மேலும், ‘பணம் விளையாட்டைக் கெடுத்துவிடும்’ என்ற உபதேசம் வீரனுக்கு மட்டுமே செய்யப்பட்டது, பயிற்சியாளருக்குச் செய்யப்படவில்லை. பல மாகாணங்களில் சர்க்கார் சம்பளம் பெறுவோர் அனைவரிலும் மேலான சம்பளம் வாங்குபவர் கவர்னர் அல்ல. சர்வகலாசாலையின் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளரே. பெரிய சர்வகலாசாலைகளின் கூடைப்பந்து வீரர்களிலோ பெரும்பகுதியினர் ஆப்பிரிக்க வம்சாவளியினர். 2014-ம் வருஷம் கனெக்டிகட் சர்வகலாசாலை 79,000 பேருக்கு மேல் கூடிய அரங்கத்தில் சாம்பியன் பட்டம் வென்றது. அக்குழுவின் முதல் வீரரான ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் தாம் பட்டினியோடு படுக்கப்போவதுண்டு என்று பத்திரிகை நிருபர்களிடம் சொன்னார். வீரர்களுக்கு வேண்டிய மட்டும் சோறு போடலாம் என்று அந்த ஏப்ரல் மாதத்தில்தான் சங்கத்தின் விதி தளர்ந்தது. கோடிகளைப் பங்கு போடும் சபைக்குச் சோற்றுக்கு ஒரு விதி தேவையாயிருந்தது!

இந்த ஏற்பாட்டை முதலில் அசைத்தவர் ஆட்டத்தில் இருப்பவரல்லர். ஆடி முடித்துப் போனவர். வாலிபன் ஆடும் காலத்தில் வாய் திறந்தால் இடம் போய்விடும். கலாசாலையை விட்டு வந்தவனுக்கு அந்தப் பயமில்லை. லாஸ் ஏஞ்சலீஸிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலை 1995-ல் சாம்பியன் ஆனபோது இறுதிப் பந்தயத்தில் 30 புள்ளிகள் எடுத்த எட் ஓபேனன், பிற்காலத்தில் லாஸ் வேகாஸ் நகரருகே மோட்டார் விற்கும் வேலையில் இருந்தார். ஒரு நாள் சிநேகிதர் வீட்டில் பிள்ளைகள் ஆடும் வீடியோ விளையாட்டில், தமது நடையும் உருவமும் சட்டையிலிருந்த எண்ணும் அப்படியே நிற்கக் கண்டார். அதை விற்றவர் பணம் பெற்றனர். அவருக்கோ சேதிகூடத் தெரியாது. 2009-ல் வழக்குத் தொடுத்தார். 2011-ல் பில் ரஸ்ஸலும் ஆஸ்கர் ராபர்ட்ஸனும் அவரோடு சேர்ந்தார்கள். இவர்கள் காசுக்காக அலைந்தவர்கள் அல்லர். அமெரிக்கக் கூடைப்பந்தின் பிதாமகர்கள். ராபர்ட்ஸன் 1970-ல் தொழில்முறைச் சங்கத்தின் மீதே வழக்குத் தொடுத்து, விருப்பப்பட்ட குழுவுக்குச் செல்லும் உரிமைக்கு வழி திறந்தவர்.

ஓபேனன் கட்சியார் விசாரணைக்கு முன்பே தங்கள் சொந்த நஷ்டஈட்டுக் கோரிக்கையைக் கைவிட்டு, விதியை மாற்ற வேண்டுமென்று மாத்திரம் கோரினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. 2014-ல் நீதிபதி கிளாடியா வில்கன் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். அப்பீலில் அதில் ஒரு பகுதி நிலைத்தது. ஒரு பகுதி போயிற்று. ஆயினும் கதவு திறந்துவிட்டது. 2021-ல் வேறொரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒருமுகமாகச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். தொழிலாளருக்குக் கூலி கொடாமையே தங்கள் சரக்கின் சிறப்பென்று வேறெந்த வியாபாரியும் வாதிக்க முடியாது என்று நீதிபதி கவனா தனியே எழுதினார். அவ்வருஷம் ஜூலை முதல், வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு விளம்பரப் பணம் பெறலாமென்று சங்கம் இணங்கிற்று. 2025-ம் வருஷம் ஜூன் 6-ந் தேதி அதே நீதிபதி வில்கன் ஒரு சமரசத்தை அங்கீகரித்தார். அதன்படி முதல் வருஷத்தில் ஒவ்வொரு சர்வகலாசாலையும் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரையில் வீரர்களுக்கு நேரே கொடுக்கலாம். பழைய பாக்கியாகச் சுமார் 280 கோடி டாலர் பத்து வருஷத்தில் கொடுபடும்.

யாருக்குக் கொடுபடும்? 2016-ம் வருஷம் ஜூன் மாத மத்தியிலிருந்து ஆடியவர்களுக்கு. முதல் வழக்கைத் தொடுத்த ஓபேனனுக்கு அதில் இடமில்லை. 1983-ம் வருஷத்துக் குழுவுக்கும் இல்லை. வேலியைப் பிடுங்கியவர்கள் வெளியே நிற்கிறார்கள். பிறகு வந்தவர்கள் உள்ளே போகிறார்கள். பின் வந்தவர் பெற்றது பற்றி நமக்குப் பொறாமையில்லை. ஆனால் பழைய படத்தைக் காட்டிப் பணம் பண்ணுவதற்குக் காலவரையறை இல்லாதபோது, அந்தப் படத்திலுள்ளவன் பங்கு கேட்பதற்கு மாத்திரம் காலவரையறை குறிப்பது எந்த நியாயம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேலே கூறிய சமரசத்தில் வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு கட்டியிருக்கிறார்கள். வீரர்களுக்கென்று ஒரு தொழிற்சங்கம் அமைந்து, பேரம் பேசி, ஒப்பிய வரம்பன்று அது. வக்கீல்கள் பேசி முடித்தது. சலுகை வேறு, உரிமை வேறு. இன்று பணம் வந்ததும் வீரர்கள் வருஷத்துக்கொரு சர்வகலாசாலை மாறுகிறார்கள், விசுவாசம் போயிற்று, படிப்பு போயிற்று என்று பழைய மாணவர்கள் பலர் முறையிடுகிறார்கள். முறையீட்டில் உண்மையில்லாமற் போகவில்லை. சந்தை போல் ஆகிவிட்டதென்பதை நாமும் காண்கிறோம். ஆனால் ஒழுங்கு வேண்டுமானால் அதற்கு ஒரே வழி, ஆடுகிறவர்களோடு உட்கார்ந்து ஒப்பந்தம் செய்துகொள்வது. அதைத்தான் இவர்கள் செய்ய மறுக்கிறார்கள்.

மறுப்புக்கு உதாரணம் நியூ ஹாம்ப்ஷையர் மாகாணத்து டார்ட்மத் கல்லூரி. இது 1769-ல் ஏற்பட்ட புராதன வித்தியாஸ்தலம். விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளமும் கொடுப்பதில்லை. அதன் கூடைப்பந்துக் குழுவிலிருந்த 15 பேரும் 2023-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில், தாங்கள் தொழிற்சங்கத்தில் சேர அனுமதி வேண்டுமென்று மனுச் செய்தார்கள். அவர்களில் சிலர் செலவுக்காகக் கல்லூரிச் சாப்பாட்டு விடுதியில் வேலை செய்தவர்கள். அந்த விடுதி மாணவர்கள் முன்னமே சங்கம் அமைத்துக் கூலி உயர்வு பெற்றதை அருகிலிருந்து பார்த்தவர்கள். எப்போது பயிற்சி, எங்கே பிரயாணம், என்ன உடை என்பதையெல்லாம் கல்லூரியே தீர்மானிக்கிறது. பாதரட்சையும் உடுப்பும் டிக்கட்டும் கொடுக்கிறது. ஆகவே இவர்கள் ஊழியரே என்று தொழிலாளர் உறவு வாரியத்தின் பிராந்திய அதிகாரி 2024-ம் வருஷம் பிப்ரவரி 5-ந் தேதி தீர்ப்புச் சொன்னார். மார்ச்சு 5-ந் தேதி வாக்கெடுப்பில் 13 பேர் ஆம் என்றனர். 2 பேர் இல்லையென்றனர். கல்லூரியோ பேச்சுவார்த்தைக்கே வர மறுத்தது. அவ்வருஷக் கடைசியில், புது ஜனாதிபதியின் கீழ் மாறப்போகும் வாரியம் பாதகமான தீர்ப்பைச் செய்து மற்றவர்களுக்கும் வழியடைத்துவிடக் கூடுமென்று அஞ்சி, டிசம்பர் 31-ந் தேதி சங்கத்தார் மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள்.

தோல்வியென்று சிலர் இதைச் சொல்லுகிறார்கள். நமது அபிப்பிராயம் அதுவன்று. டார்ட்மத் குழுவினருக்குக் கோடிகளில் பங்கு கிடைக்கும் நம்பிக்கையே இருந்ததில்லை. அவர்கள் கேட்டது பணத்தைவிட மேஜையருகே ஒரு நாற்காலி. பெரிய குழுக்களின் நட்சத்திர வீரர்கள் தனித்தனியே பேரம் பேசிக்கொண்டிருக்கும் காலத்தில், பதினைந்து சாதாரண வாலிபர்கள் சேர்ந்து கையெழுத்திட்டார்கள். அந்தக் கேள்வி மறுபடி எழும். அடுத்த முறை கேட்பது பெரிய சர்வகலாசாலையின் குழுவாகவும் இருக்கலாம்.

அதுவரையில் சங்கத்தார் தாமாகச் செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. டெலிவிஷன் வருமானத்திலிருந்து ஒரு பகுதியை ஒதுக்கி, 2016-க்கு முன் ஆடிய பழைய வீரர்களில் எவருடைய படத்தை இன்னும் காட்டி வருகிறார்களோ அவர்களுக்கும், இறந்தவர்களின் குடும்பத்துக்கும் பங்கு கொடுக்கலாம். கோர்ட்டு கட்டாயப்படுத்தாததை மனமொப்பிச் செய்வதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை. அடுத்த மார்ச்சு மாதத்திலும் விட்டன்பர்க் எறிந்த பந்து குறைந்து விழத்தான் போகிறது. சார்ல்ஸ் எழும்பத்தான் போகிறார். இடையில் விளம்பரங்களும் ஓடத்தான் போகின்றன. அந்த விளம்பர வரும்படியில் 1983-ம் வருஷத்துக் குழுவினருக்குச் சேர வேண்டியதைக் கணக்கிட ஒரு குமாஸ்தாவுக்கு அரை நாள் வேலைகூட இராது.