சீக்கிரம் வேலைக்குப் போனவருக்குச் சீக்கிரம் சாத்தப்படும் கதவு: அரசுப் பணித் தேர்வு வயது வரம்பு குறித்து எங்கள் நிலைப்பாடு

தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் வேலைக்குப் போய்க்கொண்டே அரசுப் பணித் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் சேர்ந்து நடத்தும் படிப்பு வட்டம் எங்களுடையது. எங்களில் பெரும்பாலோர் முப்பதைத் தாண்டியவர்கள், நாற்பதைத் தாண்டியவர்களும் உண்டு. ஓசூர் சிப்காட்டிலும் கெலமங்கலம் பக்கத்து ஆலைகளிலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள், ரோஜா பசுமைக்குடில்களில் பூ வெட்டும் பெண்கள், தனியார் பள்ளி ஆசிரியைகள், ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர். "இந்த வயசுல எதுக்கு கவர்மெண்ட் வேலை?" என்ற கேள்வி எங்களுக்குப் பழகிவிட்டது. பழகாதது விதிகள். வயது வரம்பு பற்றிய பேச்சு எப்போதும் "இரண்டு வருடம் கூட்டுங்கள்" என்பதோடு நின்றுவிடுகிறது. எங்கள் குறை அதுவல்ல என்பதால் இதை எழுத்தில் வைக்கிறோம்.

வயது வரம்பு எல்லோரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. குடும்பத்துக்காகச் சின்ன வயதிலேயே வேலைக்குப் போனவருக்குத்தான் கதவு முதலில் சாத்தப்படுகிறது. வேலைக்குப் போகாமல் படிக்க முடிந்தவருக்கு அதே கதவு அறுபது வயது நெருங்கும்வரை திறந்திருக்கிறது. இதைத்தான் மாற்றக் கோருகிறோம்.

குரூப் 4 தேர்வையே எடுத்துக்கொள்வோம். குறைந்தபட்சக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பணிகளுக்கு உச்ச வயது பொதுப் பிரிவினருக்கு 32, பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 34, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஆதரவற்ற விதவைகளுக்கு 37. ஆனால் இடஒதுக்கீட்டுப் பிரிவினரில் ஒருவர் பத்தாம் வகுப்புக்கு மேல் பிளஸ் டூவோ பட்டமோ முடித்திருந்தால் இந்த உச்ச வரம்பு அவருக்குப் பொருந்தாது. அறுபது வயது நிறைந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். கிராம நிர்வாக அலுவலர் போன்ற சில பணிகளுக்குக் கணக்கு வேறு.

இந்த விதி காகிதத்தில் எப்படி இருந்தாலும், ஒரு வீட்டுக்குள் வரும்போது என்ன செய்கிறது என்று பார்த்தோம். எங்கள் வட்டத்தில் அண்ணன், தம்பி இருவர் இருக்கிறார்கள். அஞ்செட்டி மலைப்பக்கத்துக் குடும்பம், மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. அப்பா இறந்தபோது அண்ணன் பத்தாவது முடித்திருந்தார். மறு மாதமே ஓசூரில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போனார். அந்தச் சம்பளத்தில் தம்பி பிளஸ் டூ முடித்தார். இன்று இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே புத்தகத்தைப் படிக்கிறார்கள். மாதிரித் தேர்வில் அண்ணன்தான் அதிக மதிப்பெண் வாங்குகிறார். நெட் சென்டரில் விண்ணப்பம் போட உட்கார்ந்தபோது தம்பியின் விண்ணப்பம் போனது. அண்ணனுடையது போகவில்லை. அவருக்கு 34 முடிந்துவிட்டது. பணி ஒன்று, வினாத்தாள் ஒன்று, கேட்கும் தகுதியும் பத்தாம் வகுப்புதான். படிப்பை விட்டுக்கொடுத்தவருக்கு வயதும் குறைத்துத் தரப்படுகிறது.

இதில் இன்னொரு சிறு விஷயமும் உண்டு. வயதை அந்தந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதியை வைத்துக் கணக்கிடுகிறார்கள். எங்கள் தலைமுறையில் கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கும் பிறந்த தேதியை எழுதியது பெற்றோர் அல்ல, பள்ளிக்கூட வாத்தியார். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காக மே, ஜூனில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். ஐப்பசி அடைமழையில் பிறந்ததாக அம்மா சொல்லும் பிள்ளைக்குச் சான்றிதழில் ஜூன் 5. நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட அந்தத் தேதி முப்பது வருடம் கழித்து ஒரு வாய்ப்பைப் பறிக்கிறது.

சரி, பிறகு படித்துக்கொள்ளலாமே என்பார்கள். படித்தவர்களும் இருக்கிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே, பிளஸ் டூ எழுதாமல், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் எங்களிலேயே உண்டு. 10, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் படிக்காத பட்டம் அரசுப் பணிக்குச் செல்லாது என்று 2009ஆம் ஆண்டு அரசாணை 107 சொல்கிறது. பட்டத்தின் தரத்தைக் காக்க வந்த விதி என்பதை மறுக்கவில்லை. ஆனால் கட்டணம் வாங்கிக்கொண்டு சேர்க்கும்போது இதை ஒருவரும் சொல்வதில்லை. சேர்க்கைப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே இந்த எச்சரிக்கையை அச்சடிக்க வேண்டும்.

அடுத்தது அரசின் காலண்டர். 2019 செப்டம்பர் 1 அன்று குரூப் 4 தேர்வு நடந்தது. அதற்கடுத்த குரூப் 4 தேர்வு 2022 ஜூலை 24 அன்றுதான். நடுவில் கொரோனா வந்தது, ஒப்புக்கொள்கிறோம். 2021 செப்டம்பரில் மனிதவள மேலாண்மைத் துறை அமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் சட்டப்பேரவையில் அறிவித்தபடி வயது வரம்பு இரண்டாண்டு கூட்டப்பட்டது. அதற்கு நன்றி. ஆனால் எங்களிடமிருந்து போனது மூன்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவு, திரும்பி வந்தது இரண்டு. குரூப் 2 கதை இன்னும் நீளம். 2022 மே 21 முதல்நிலைத் தேர்வு, 2023 பிப்ரவரி 25 முதன்மைத் தேர்வு, முடிவு 2024 ஜனவரியில். இப்போது நிலைமை மேல். தேர்வாணையம் ஆண்டுத் திட்டத்தை முன்கூட்டியே வெளியிடுகிறது, 2025 ஜூலையில் எழுதிய குரூப் 4 தேர்வின் முடிவு அக்டோபரிலேயே வந்துவிட்டது. அந்த ஒழுங்கு நிலைக்க வேண்டும். நிலைக்காத ஆண்டில் அதன் விலையைத் தேர்வர் கொடுக்கக் கூடாது. அறிவிக்கை வராத ஆண்டு தேர்வரின் வயதுக் கணக்கில் சேரக் கூடாது என்று விதியிலேயே எழுதிவிட்டால், ஒவ்வொரு முறையும் சலுகை கேட்டு மனுக் கொடுக்கும் வேலை மிச்சம்.

எங்களை அதிகம் வருத்துவது விதவைப் பெண்கள் தொடர்பான விதி. பெண்களுக்கான ஒதுக்கீட்டுக்குள் பத்து சதவீதம் ஆதரவற்ற விதவைகளுக்கு உண்டு. வயதுச் சலுகையும் கட்டண விலக்கும் உண்டு. மறுமணம் செய்திருக்கக் கூடாது, குடும்ப ஓய்வூதியம் உட்பட எல்லா வழியிலும் வரும் மாத வருமானம் 4,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. எங்கள் பகுதியில் இந்தச் சான்றிதழைத் தர வேண்டியவர் ஓசூர் சார் ஆட்சியர். நாலாயிரம் ரூபாய் என்றால் என்ன? 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கான தினக்கூலி 336 ரூபாய். ஒரு பெண் மாதத்தில் 12 நாள் ஏரி தூர்வாரப் போனாலே 4,032 ஆகிவிடுகிறது. 32 ரூபாய் அதிகம். அவர் ஆதரவற்றவர் அல்ல!

புருஷன் போன பிறகு இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு பெண் முதலில் தேடுவது வேலையை. இங்கே வேலை கிடைக்கும். பேக்கிங் பிரிவு, கேன்டீன், பசுமைக்குடில், ஏதோ ஒன்று. எந்த வேலையில் சேர்ந்தாலும் சம்பளம் நாலாயிரத்தைத் தாண்டும். அப்படிச் சேர்ந்ததாலேயே அரசின் கண்ணில் அவர் சாதாரண விண்ணப்பதாரர் ஆகிவிடுகிறார். எங்கள் உறுப்பினர் ஒருவரிடம், "வேலையை விட்டுட்டு வந்து சர்டிபிகேட் வாங்கிக்கோம்மா" என்று ஓர் இடத்தில் நல்லெண்ணத்துடனே யோசனை சொல்லியிருக்கிறார்கள். விட்டால் பிள்ளைகள் என்ன சாப்பிடும் என்று இவர் கேட்டிருக்கிறார், பதில் இல்லை. உழைக்காமல் இருந்தால்தான் உதவி என்று சொல்லும் விதி எதற்கு? இந்த வருமான வரம்பை, குறைந்தபட்ச ஊதிய விதிகளின்படி ஒரு முழுநேரத் தொழிலாளி பெறும் மாத ஊதியத்துக்குக் குறையாமல் உயர்த்த வேண்டும். ஊதியம் கூடும்போது வரம்பும் தானாகக் கூட வேண்டும். எங்கள் கோரிக்கைகளில் முதலில் நிறைவேற வேண்டியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வோம்.

தேர்வு நாள் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 குரூப் 4 தேர்வு ஜூலை 12, சனிக்கிழமை. அலுவலகம் போகிறவருக்கு அது விடுமுறை நாள், ஆலைக்குப் போகிறவருக்கு வேலை நாள். வெள்ளி இரவு பத்து மணிக்கு நைட் ஷிப்ட் ஏறியவர் காலை ஆறுக்கு இறங்கி, பஸ் பிடித்து, முகம் கழுவி, ஒன்பது மணிக்குள் தேர்வுக்கூடத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்பதைத் தாண்டினால் கேட் மூடிவிடுவார்கள். ஜவளகிரி, அஞ்செட்டிக் காட்டுச் சாலைகளில் யானை நின்றுவிட்டால் பஸ்ஸும் நிற்கும், அதற்கு எந்த ஆணையமும் பொறுப்பாக முடியாது, விடுங்கள். ஆனால் லீவு கிடைக்காததற்கு வழி உண்டு. வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது, ஆலைகளும் தருகின்றன. ஹால் டிக்கெட்டைக் காட்டுகிறவருக்குத் தேர்வு நாளன்றும் முந்தின இரவும் சம்பளத்துடன் விடுப்பு தர வேண்டும் என்று தொழிலாளர் துறை ஓர் உத்தரவு போட்டால் போதும். இல்லையென்றால் தேர்வை ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள்.

தமிழ்த்தாள் விஷயத்தில் எங்களுக்குள்ளேயே வாதம் நடந்தது. இது எல்லைப் பகுதி. எங்களில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள், உருது பேசுகிறவர்களும் உண்டு. நாற்பதைத் தொட்ட சிலர் அந்த மொழிவழிப் பள்ளிகளிலேயே படித்தவர்கள். முன்பு குரூப் 4 தேர்வில் பொதுத்தமிழ் அல்லது பொது ஆங்கிலம் என்று தேர்ந்தெடுக்கலாம். 2021 டிசம்பரில் வந்த அரசாணைக்குப் பிறகு தமிழ் கட்டாயம், அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். விலக்கு கேட்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். பெரும்பான்மை முடிவு, கேட்கக் கூடாது என்பதே. தாலுகா ஆபீஸில் மனுவோடு வந்து நிற்கும் கிழவிக்குப் பதில் சொல்ல வேண்டியவருக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தாக வேண்டும். நாங்கள் கேட்பது அவகாசமும் பயிற்சியும். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக நகர்ந்து பத்தாம் வகுப்பைத் தொடப் பத்தாண்டு எடுத்துக்கொண்டது. குழந்தைகளுக்குப் பத்தாண்டு கொடுத்த அரசு, பெரியவர்களுக்கு அரசாணைக்கும் தேர்வுக்கும் நடுவே எட்டு மாதம்கூட முழுதாகக் கொடுக்கவில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம் கிருஷ்ணகிரியில் இருக்கிறது. ராயக்கோட்டை வழியாகப் போனாலும் போக வர ஒரு பகல் போய்விடும். தேன்கனிக்கோட்டையில் ஒரு அரசுப் பள்ளி வகுப்பறையை ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்துவிட்டு, ஒரு தமிழாசிரியருக்கு மதிப்பூதியம் கொடுங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

வயதானவர்களை எடுத்தால் இளைஞர்களின் இடம் போகும், சில வருடமே வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றுவிடுவார்கள் என்று சொல்வார்கள். இதில் முதல் பாதிக்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை. இடங்கள் குறைவு என்பது உண்மை. இரண்டாம் பாதியை அரசே மறுத்துவிட்டது. ஓய்வு வயது 2020இல் 58இலிருந்து 59ஆகவும் 2021இல் 60ஆகவும் உயர்ந்தது. ஆசிரியர் நியமனத்தில் 2020இல் பொதுப் பிரிவினருக்கு 40, மற்றவர்களுக்கு 45 என்று வரம்பு வைத்த அரசு, ஆசிரியர்கள் போராடிய பின் 2023இல் அதை 53, 58 என்று உயர்த்தியது. 58 வயதில் வகுப்பறைக்குள் போகலாம் என்றால், 38 வயதில் ஒருவர் இளநிலை உதவியாளர் மேசையில் உட்காருவதில் என்ன கெட்டுவிடும்? பக்கத்தில் தெலங்கானா 2024 பிப்ரவரியில் சீருடைப் பணி அல்லாத பணிகளுக்கு உச்ச வயதை 44இலிருந்து 46 ஆக்கியது. நாங்கள் கேட்பது அதைவிட எளிது. பத்தாம் வகுப்பே தகுதியான பணிக்கு, பத்தாம் வகுப்பு மட்டும் படித்தவருக்கும் மேலே படித்தவருக்கும் ஒரே வயது வரம்பு இருக்கட்டும்.

எங்கள் உறுப்பினர்களிடமும் ஒன்று சொல்லிக்கொள்கிறோம். 2025 குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 13.9 லட்சம் பேர். முதலில் அறிவித்த பணியிடங்கள் 3,935. பின்னர் கூட்டினாலும் நூற்றுக்கணக்கானவர்களில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். "வேலையை விடு, ஆறு மாசம் உட்கார், உறுதி" என்று சொல்லும் பயிற்சி மையங்களை நம்பி ஆலை வேலையை விடாதீர்கள். அந்தக் கட்டணத்தில் எங்கள் வட்டத்துக்கு இரண்டு வருடத்துக்கான புத்தகம் வாங்கலாம்.

தளி சட்டமன்ற உறுப்பினரும் கிருஷ்ணகிரி நாடாளுமன்ற உறுப்பினரும் இந்தக் கோரிக்கைகளை அவையில் எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். தமிழ்த்தாளைக் கட்டாயமாக்க அரசு ஊழியர் பணி நிபந்தனைகள் சட்டத்தை 2023 ஜனவரியில் பேரவை திருத்தியது. அதே சட்டத்தில் வயதுக் கணக்கையும் விதவையர் வருமான வரம்பையும் திருத்த முடியும். அதுவரை பத்தாவதோடு நின்ற எங்கள் தோழர்களுக்கு: பிளஸ் டூ தனித்தேர்வுக்கு விண்ணப்பியுங்கள். கட்டணத்துக்கு வழியில்லாதவர்கள் கூச்சப்படாமல் ஞாயிறு மாலை வந்து சொல்லுங்கள், வட்டம் கட்டும்.